வாசற்படியோரம் புதைத்த முடிச்சு

விடிகாலை ஐந்து மணிக்கு என் கைகள் எனக்கு முன்னாலேயே விழித்துக்கொள்ளும். யாரையோ பிடிக்கப் போவதுபோல் விரல்கள் மடங்கிக் கிடக்கும். நீட்டு என்றால் கேட்காது. வலதில் எந்த முட்டி வீங்கியதோ இடதிலும் அதே முட்டி. தொட்டால் சூடு. ஒன்பது மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காததுபோல் தானாக இளகிவிடும். எனக்கு அந்த இளகலைக் கண்டால்தான் அதிக பயம்.

நான் மலேசியாவில், கோல சிலாங்கூரில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். கை போனால் வேன் போச்சு, வேன் போனால் நானும் போச்சு. கிளினிக் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். "ஆயுசுக்கும் மருந்து சாப்பிட வேண்டி வரலாம்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கடிதத்தை வேன் டேஷ்போர்டுக்குள் செருகிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், என் கைகளைப் பார்த்துவிட்டார். "நோவுன்னா ஒரு பக்கமா வரும். ரெண்டு கையும் அச்சடிச்ச மாதிரி வீங்குமா? இது கட்டு லா. யாரோ செஞ்சி வெச்சிருக்காங்க" என்று, எங்கள் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலில் சாமி பார்க்கிறவரிடம் இழுத்துப் போனார். அவர் என் கைகளைப் பார்க்கவே இல்லை. "வாசற்படிக்கு இடப்பக்கம். தோண்டு" என்றார்.

அந்தி நேரம். வீட்டுக்காரர்தான் மண்வெட்டி பிடித்தார். ஒரு முழம்கூடப் போகவில்லை, கறுத்துப்போன துணி முடிச்சு ஒன்று வந்தது. அண்ணி "ஐயோ!" என்று அலறிப் பின்வாங்கினார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மூன்று முடிச்சு, கடைசி முடிச்சு மட்டும் பல்லால் இழுத்ததால் கோணல். அதைக் கட்டியவள் நான். தோட்டத்து லயத்தை விட்டு இந்தத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த அன்று, காவலுக்கு இருக்கட்டுமென்று முனியாண்டி கோயில் பிடிமண்ணை மஞ்சள் துணியில் முடிந்து நாங்களே புதைத்தது.

வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. செய்வினை என்றால் கடலில் எறிந்துவிடலாம். ஆயுசுக்கும் சாப்பிடும் மருந்தை எங்கே கொண்டுபோய் எறிவது?

ஜெராம் கடற்கரைக்குப் போய் எறிந்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதே வாரம் கை இளகியது. அண்ணி "பாத்தியா?" என்று குதித்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று புரியவில்லை. நான் கட்டிய காவலை எறிந்ததற்கு எனக்கு ஏன் குணமாக வேண்டும்?

நான்கு மாதம் கழித்து மூர்க்கமாகத் திரும்பி வந்தது. இந்த முறை மணிக்கட்டு, கால்விரல் எல்லாம். அதையும் சில மாதம் மறைத்தேன். ஒரு காலையில் மேட்டில் வேனை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தேன். கை இழுக்கவில்லை. காலைத் தூக்கினால் வேன் பின்னால் உருளும். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளையின் அப்பா ஓடிவந்து இழுக்கும்வரை பிரேக்கை மிதித்தபடியே அழுதேன். அன்றைக்கே கடிதத்தை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா தோலில் செதில் உதிருமா, நகத்தில் குழி விழுமா, காலையில் முதுகு இறுகுமா, கண் சிவக்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். "இதுல பல வகை இருக்கும்மா." பிறகு என் கைகளை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு கையும் ஒரே மாதிரி. சின்ன மூட்டுங்க. காலைல ஒரு மணி நேரத்துக்கு மேல இறுக்கம். இது முடக்குவாதம். நடுவுல தானா அடங்கும், போயிடுச்சுன்னு நெனச்சா திரும்பி வரும்."

அண்ணி சொன்ன அதே அடையாளம்!

"ஏன் டாக்டர் வருது?"

"உடம்புக்குக் காவலா இருக்கறதே சொந்த மூட்டை எதிரின்னு நெனச்சு அடிக்குதும்மா. மருந்தால அடக்கலாம், வேனும் ஓட்டலாம். ஆனா வளைஞ்சுபோன இந்த ரெண்டு விரல் இனி நிமிராது. கடிதம் குடுத்தப்பவே வந்திருந்தா…" பக்கத்தில் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் சொன்னேன். "அந்த முடிச்சு நான் கட்டுனது."

"தெரியும். மொத தடவையும் குழி தோண்டுனது நான்தானே."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?" என்று சீறினேன்.

"நீ தொறப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

சீட் பெல்ட் மாட்ட என் விரல்களுக்குத் தெம்பில்லை. அவரே குனிந்து மாட்டிவிட்டார்.