கிளட்ச் பெடலுக்குக் கீழே

செங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலையை விட்ட பிறகு, மலாக்கா பக்கம் ஜாசினில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். படிவம் இரண்டோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவன் நான். அதன் பிறகு லோரி, செம்பனைத் தோட்டம், மெர்லிமாவில் ஒரு கார் வொர்க்‌ஷாப், கோழிப்பண்ணை, கடைசியாகத் தொழிற்சாலை. எங்கேயும் யாரும் என்னைத் துரத்தவில்லை, நானாகத்தான் கிளம்பினேன். ஒரு துணிப்பையும் ஒரு ஸ்பேனர் செட்டும் எல்லா இடத்துக்கும் கூட வந்தன.

வீட்டுக்காரர் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரை அங்கிள் என்றும் அவர் மனைவியை ஆன்ட்டி என்றும் கூப்பிடுவேன். பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள். போர்ட்டிகோவில் ஒரு பழைய ஜப்பான் கார் நின்றது. நாலு கியர், கண்ணாடி இறக்கக் கைப்பிடி, மூத்த மகனை விட வயது அதிகம். ஆன்ட்டிக்குச் சிறுநீரகம் கெட்டு டயலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அவரை அதற்குக் கொண்டுபோய்க் கூட்டிவருவது அங்கிள்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் அதே கார்தான்.

சில மாதங்களாக அந்தக் கார் கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்று பல்லைக் கடித்தது. ஒரு நாள் பாசார் முன்னால் சிவப்பு விளக்கில் நின்றபோது, கிளட்சை மிதித்திருந்தும் கார் தானாக முன்னே நகர்ந்து ஒரு மோட்டார்சைக்கிளை உரசிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் செய்தி மலாக்கா டவுனில் இருந்த மகனுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை அவர் வந்தார். வீட்டுக்குள் போகும் முன் என் அறைப்பக்கம் வந்தார்.

"அண்ணே, நீங்க வொர்க்‌ஷாப்ல இருந்தவருதானே. கொஞ்சம் பாத்துட்டு, கியர்பாக்ஸ் போச்சு, சாமான் கிடைக்காதுன்னு சொல்லிருங்க லா. பழைய கார் வாங்குற ஆளு ஒருத்தன் இருக்கான். நாளைக்கே வந்து தூக்கிடுவான்."

"போகலன்னா?"

"அப்பாவுக்கு இனிப்புநீரு, சக்கர வியாதி. இடது காலுல உணர்ச்சியே செத்துப்போச்சுண்ணே. நாங்க சொன்னா சண்டைக்கு வராரு. கார் போச்சுன்னா கம்முனு இருப்பாரு."

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஸ்பேனர் செட்டை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போனால் அங்கிள் எனக்கு முன்பே பானட்டைத் திறந்துவைத்து நின்றார்.

"அவன் உன்கிட்ட சொன்னதெல்லாம் இங்க வரைக்கும் கேட்டுச்சு தம்பி. நீ பாரு. காரா, காலா, ரெண்டுல ஒன்னு சொல்லு. காருன்னா செஞ்சுக்கலாம். காலுன்னா சாவிய அவன் கையில குடுத்துடுறேன். ஆனா பொய் சொல்லக் கூடாது."

எஞ்சினை நிறுத்திவைத்து எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ரிவர்ஸ், எல்லாம் சத்தமில்லாமல் விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டுப் போட்டேன். எதுவும் விழ மறுத்தது, ரிவர்ஸ் அலறியது. ஒரு கியர் மட்டும் முரண்டு பிடித்தால் கியர்பாக்ஸ் உள்ளே தேய்மானம் என்று சந்தேகப்படலாம். எஞ்சின் நின்றால் எல்லாம் விழுந்து, ஓடினால் எதுவும் விழவில்லை என்றால் குற்றம் கியரில் இல்லை. மிதித்தபோது கிளட்ச் எஞ்சினை முழுதாகப் பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் வைத்து, கிளட்சை விட்டேன். கிளட்ச் தட்டு தேய்ந்திருந்தால் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இங்கே ஒரு குலுங்கு குலுங்கி உடனே அணைந்தது.

"கிளட்ச் நல்லாப் புடிக்குது அங்கிள். விடத்தான் மாட்டேங்குது."

"அவரு மாதிரியே," என்றார் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆன்ட்டி.

கிளட்ச் கேபிளின் நட்டைக் கொஞ்சம் இறுக்கினேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. கேபிள் இழுக்கும் இரும்புக் கை கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும். அது எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கக் காரின் அடியில் படுத்துக்கொண்டு, அங்கிளை ஏறி மிதிக்கச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். காருக்குள் செருப்புக்கால் படக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். நான் இருந்த முக்கால்வாசி வீடுகளில் அதுதான் சட்டம்.

இரும்புக் கை பாதித் தூரம் வந்து நின்றது.

"இன்னும் மிதிங்க அங்கிள்."

"மிதிச்சுட்டேன்டா. தரை தட்டிருச்சு."

"சொன்னேன்ல?" என்றார் மகன். "அங்க தரையும் இல்ல ஒன்னும் இல்ல. காலுல தெம்பு இல்ல."

"நீ வந்து மிதிச்சுப் பாரேன், ஏசி ரூம்ல உக்காந்தே தொப்ப போட்டவனே."

சண்டை வளரும் முன் நான் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். குதிகாலைத் தரையில் ஊன்றியதும் சுருக்கென்று ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் செம்பனை மட்டையின் முள். உடைந்த நுனி விரிப்பில் நட்டுக்கொண்டு நின்றிருந்தது. பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு மிதித்தேன். எனக்கும் பாதியில் தரை தட்டியது. கால்விரலில் பட்டது இரும்பல்ல, மெத்தென்று ரப்பர். கைப்பேசி வெளிச்சத்தைக் கீழே அடித்தேன்.

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அந்த வீட்டு ஹாலில் ரப்பர் பாய் மாற்றுவார்கள். மிஞ்சும் துண்டை வீணாக்காமல் வெட்டிக் காரில் விரிப்பது ஆன்ட்டியின் வேலை. பழையதை எடுத்துவிட்டு விரிக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, பெடலுக்குக் கீழே ஒரு திண்டு போலக் கிடந்தது. ஒவ்வொன்றாக உருவிப் போர்ட்டிகோவில் போட்டேன். ஆன்ட்டி வெங்காயத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"இந்தப் பூப் போட்டது மக கல்யாணத்து வருஷம். இந்தக் கட்டம் வெள்ளம் வந்துச்சே, அப்ப போட்டது. ஐயோ, இது இன்னும் இருக்கா."

அடியில் இரும்புத் தரை தெரிந்தது. மிதித்தேன். பெடல் கடைசிவரை போனது. ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லை.

அங்கிள் என்னைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு ஏறினார். மகனைப் பின்னால் உட்காரச் சொன்னார். செம்பனைச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கியர் மாறுவது காதுக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் மகனைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கியர்பாக்ஸ் போச்சுன்னு சொன்ன ஆளு எங்கப்பா? நாளைக்குக் கார் தூக்க வர்றவன்கிட்ட, இவனத் தூக்கிட்டுப் போகச் சொல்லு."

மகனும் சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான். என் கைவேலைக்கு அப்படிப் பலன் கிடைத்து ரொம்ப நாளாகியிருந்தது. போர்ட்டிகோவில் இறங்கும்போதுதான், வெறும் இரும்புத் தரையில் அவர் குதிகால் இருந்த இடத்தில் ஈரமாக ஒரு கறை கண்ணில் பட்டது. எண்ணெய் என்று நினைத்து விரலால் தொட்டேன். எண்ணெய் இல்லை. முள் நினைவுக்கு வந்தது.

"அங்கிள், இடது காலத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்க."

குதிகாலில் கறுப்பாக ஓரம் கட்டிய ஒரு ஓட்டை. இன்று குத்தியதல்ல, நாள்பட்டது. உள்ளே சீழ் இருந்தது. ஆன்ட்டி குனிந்து பார்த்துவிட்டுத் துணி எடுக்க உள்ளே போனார்.

விரிப்பில் நின்ற முள்ளைப் பற்றிச் சொன்னேன். "உனக்கு எப்பக் குத்துச்சு?" என்று அங்கிள் கேட்டார். நான் உட்கார்ந்த உடனே எனக்குக் குத்தியது என்று சொன்னேன். பொய் சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தாரே. அதன் பிறகு அவருக்கு விளக்க ஒன்றும் இல்லை. முள் மட்டும் அல்ல, பெடலுக்கும் தரைக்கும் நடுவே அத்தனை தடிமனாகப் பாய் கிடந்ததையும் அந்தக் கால் அவருக்குச் சொல்லவே இல்லை.

காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"கியர்பாக்ஸ் போச்சுன்னு நீ சொன்னது தப்புதானே?"

"தப்புதான் ப்பா."

"காலு போச்சுன்னு சொன்னது?"

மகன் கீழே கிடந்த பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அங்கிள் சாவியை உருவி, மகனிடம் நீட்டாமல் என் கையில் வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்கு நீ ஓட்டு. இவனுக்கு கியர் காரு தெரியாது."

அது உண்மைதான். மகன் ஆட்டோ கியர் மட்டும் ஓட்டிப் பழகியவர்.

புண் ஆற நாளாயிற்று. சீழ் பரவி ஒரு விரல் போனது, கால் தப்பியது. காரை விற்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. டயலிசிஸுக்கும் தேவாலயத்துக்கும் நானே ஓட்டினேன். வாடகை வேண்டாம் என்றார்கள். ஓர் இடத்தில் நான் அவ்வளவு நாள் இருந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் ஹாலில் பாய் மாறியது. ஆன்ட்டி மிச்சத்துண்டோடு வந்து, முன்கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, பின்சீட்டுக்குக் கீழே விரித்தார்.

அங்கிள் என் இடதுபக்கம் உட்கார்ந்து வருவார். என் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கியர் மாற்ற நான் நினைக்கும்போதே, கட்டுப்போட்ட அவருடைய இடது கால் தரையை ஒருமுறை அழுத்தும். எஞ்சின் சத்தம் கேட்டு அது தானாகச் செய்தது. அவருக்குத் தெரிந்திருக்காது. நான் அந்தக் காலைப் பார்த்துத்தான் கியர் போட்டேன். ஒரு முறைகூடக் கரகரக்கவில்லை.