ஆராதனையில் வாசிக்கப்பட்ட ஒரு ஸ்தோத்திரச் சீட்டு

இன்று காலை ஆராதனையில் கடவுளுக்கு நன்றி சொல்லிச் சபையார் எழுதித் தந்த ஸ்தோத்திரச் சீட்டுகளை ஆயர் வாசித்தார். அவற்றில் ஒன்று என் மைத்துனர் எழுதியது: “என் தங்கையைக் கடைசி மூச்சுவரை அருகிலிருந்து பராமரிக்கக் கிருபை தந்ததற்காக.”

மறைந்த என் மனைவி எட்டு மாதம் படுக்கையில் இருந்தாள். இரணியலிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய அந்த அண்ணன் ஒருநாள்கூட வரவில்லை. கிடைத்த வேலையைத் தள்ளிவைத்து அவளைப் பராமரித்தவள் எங்கள் மகள். நாளை அந்த முதல் வேலைக்காக அவள் பெங்களூர் புறப்படுகிறாள்.

வெளியே வந்ததும் மைத்துனர் அவள் தலையில் கைவைத்தார்.

“போயிட்டு வா மக்கா. மாமன் தினமும் ஜெபிக்கேன்.”

“அம்மைய எந்த ரூம்ல கிடத்தியிருந்தோம், மாமா?” என்று மகள் கேட்டாள்.

அவர் கார் சாவியைத் தேடத் தொடங்கினார்.

அவள் நேரே பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் போனாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டு வந்து, அவள் அம்மாவைத் தினமும் புரட்டிப் படுக்கவைக்க உதவியவர் அவர்.

“ஒங்களுக்குச் சீட்டு எழுதல்லக்கா. நேர்லயே சொல்லணும்னு நெனச்சேன்.”

“போடி, அங்க போயி நேரத்துக்குத் தின்னு,” என்றார் அக்கா.

அடுத்த ஞாயிறு நானும் ஒரு சீட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்: “ஒலிபெருக்கியின் முன்னாலாவது என் மைத்துனருக்குத் தங்கையின் நினைவு வந்ததற்காக.”

ஆயர் வாசிப்பாரா? உங்கள் கருத்து என்ன?