அக்கா எடுத்த வீடியோ

எங்கள் தெருமுனைத் தையற்கடை அக்காவுக்கு ‘வெடி’ என்று பெயர். அந்த வாய் அப்படி.

ஒரு மதியம் கடை வாசலில் ஒரு போலீஸ்காரர், பைக்கில் சாப்பாடு கொண்டுபோன ஒருவரை மறித்துக் கன்னத்தில் அறைந்தார். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு செல்போனோடு வெளியே ஓடினார். இரண்டாவது அறை விழும்போது பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

“ஏய், யாரைக் கேட்டு எடுக்கிற?”

“நடுத்தெருவுல, சட்டையில பேரைக் குத்திக்கிட்டு வேலை பாக்குறீங்க. அதைப் பாக்குறதுக்கு யாரைக் கேக்கணும் சார்?”

“போனைக் குடு!”

“எந்தச் சட்டத்துல கேக்குறீங்கன்னு சத்தமா சொல்லுங்க. பதிவாகட்டும்.”

போலீஸ்காரருக்கு அந்தச் சட்டம் ஞாபகம் வரவில்லை. தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, அறை வாங்கியவரிடம், “பாத்துப் போங்க தம்பி” என்றார், பெற்ற தகப்பனைப் போல.

மறுநாள் அக்காவும் அறை வாங்கியவரும் மேலதிகாரியிடம் புகாரோடு போனார்கள். அங்கே வீடியோவைப் போட்டதும் அக்காவுக்கு மானம் போயிற்று. முதலிலிருந்து கடைசிவரை அவருடைய கட்டைவிரல்தான் தெரிந்தது.

நல்லவேளை, சத்தம் தெளிவாக இருந்தது. ‘பளார்’ என்பதைப் புரிந்துகொள்ள அதிகாரிக்குப் படம் தேவைப்படவில்லை. விசாரணை முடியும்வரை அந்தப் போலீஸ்காரரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“பயமே இல்லையா அக்கா?” என்று கேட்டேன்.

“பயப்படாம எடுத்திருந்தா விரலா தெரிஞ்சிருக்கும்?” என்றார்.