கேஸ் பம்ப் இல்லாத ஊர்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கில் பதினைந்து வருடம் வேலை பார்த்தேன். மூட்டைகளை லாரியில் ஏற்றி, தோப்பும்படி பாலம் வழியாகத் துறைமுகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. அப்பா நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. எனக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். சரக்கு அனுப்பும் அந்த மேசையில் உட்கார்ந்த முதல் பெண் நான்தான். அங்கே உட்காருவதற்கே சண்டை போட வேண்டியிருந்ததால், சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் பழக்கம் எனக்கு வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், தில்லியிலிருந்த தலைமை அலுவலகம் ஓர் உத்தரவு அனுப்பியது. எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், லாரிகள் கக்கும் கார்பனைக் குறைத்துக் காட்டச் சொல்லியிருந்தார்களாம். எல்லாக் கிளைகளும் டீசல் லாரியை நிறுத்திவிட்டு, கேஸில் ஓடும் புது லாரி வாங்க வேண்டும். தில்லிக் கிடங்குக்கு எதிரிலேயே கேஸ் பம்ப் இருந்தது. கொச்சியில் அப்போது தேடினாலும் ஒன்று கிடைக்காது. அவர்களுக்குச் செலவு ஒரு லாரியின் விலை மட்டும்தான். எங்களுக்கோ லாரியும் வாங்கி, கேஸுக்கு மாநிலம் தாண்டி அலைய வேண்டும்.

எங்கள் மூட்டைகளை ஏற்றிப் போனவர் சுள்ளிக்கல்லைச் சேர்ந்த ஒரு சேட்டன். லாரி அவருடையது. விஷயம் காதில் விழுந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார்.

“அப்போ என் வண்டி இனி வேண்டாமா, மோளே?”

“நான் கையெழுத்து போட்டாத்தானே, சேட்டா!”

இந்தத் திட்டம் எங்கள் ஊருக்குப் பொருந்தும் என்று நான் கையெழுத்திட வேண்டிய படிவம் அது. ‘இங்கே நடக்காது’ என்று குறுக்கே எழுதித் திருப்பி அனுப்பினேன். மேனேஜர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். சென்னைக்காரர். நான் பேச ஆரம்பித்ததுமே சிரித்தார்.

“இது என்னம்மா தமிழ்? பாதி புரியலையே.”

“என் தமிழ் புரியலேன்னாலும் சாரமில்ல சார். புகை புரிஞ்சா மதி, அது போதும்.”

அவரைச் சேட்டனின் லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். பாலத்துக்கு முன்னால் வழக்கம்போல வண்டிகள் நின்றன. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

“திரும்பிப் பாருங்க சார். நம்ம வண்டியில பாதி காலி. பின்னாடி நிக்கறது எதிர்க் கிடங்கு வண்டி. அதுலயும் பாதி காலி. ரெண்டும் ஒரே துறைமுக கேட்டுக்குத்தான் போகுது. ஒண்ணா ஏத்தினா ஒரு வண்டி போதும். புதுசா எதுவும் வாங்க வேண்டாம்.”

“அவங்க உங்களுக்குப் போட்டியாச்சே?”

“விலையிலதான் சார் போட்டி. புகையில என்ன போட்டி?”

அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பியபின் என்ன எழுதினாரோ, தெரியாது. தலைமை அலுவலகத்தின் பதில் மட்டும் வந்தது: புது வண்டி வாங்கிய ரசீது இல்லாவிட்டால் கார்பனைக் குறைத்ததாக ஏற்க முடியாது. அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வும் இல்லை.

அவர்கள் ஏற்காவிட்டால் புகை குறையாதா என்ன? எதிர்க் கிடங்குக்கு நானே நடந்து போய்ப் பேசினேன். சுக்கின் மணம் தங்கள் மிளகில் ஏறிவிடும் என்றார்கள். நடுவில் தார்ப்பாய் கட்டிக் காட்டினேன். ஒரு நாள் எங்கள் சேட்டன், மறுநாள் அவர்களுடைய டிரைவர் என்று முறை வைத்தோம். நடை குறைகிறதே என்று சேட்டன் முணுமுணுத்தார். ஒவ்வொரு நடைக்கும் வாடகையைக் கூட்டித் தந்தபின் ஒத்துக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் தலைமை அலுவலகமே ஒரு கேஸ் லாரியை ரயிலில் ஏற்றி அனுப்பிவைத்தது. அதிலேயே நிரப்பி வந்த கேஸ் தீர்ந்ததும் அது முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றது. கடைசியில் ஒரு டீசல் லாரி வந்து அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது. மேனேஜர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். நான் வாசலுக்கே போய் நின்று பார்த்தேன்.

அந்த வாரமே மூன்றாவதாக, மஞ்சள் ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கும் எங்களோடு சேரக் கேட்டது. யாரிடமும் அனுமதி கேட்காமல், காலை எட்டு மணிக்குள் மூட்டைகளைத் தயாராக வைக்கச் சொன்னேன்.