இரண்டாம் முறை கேட்கிற பள்ளத்தாக்கு

சனிக்கிழமை காலை 6.40. மெல்பேர்ன் புறநகரான பொயிண்ட் குக்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு வாசலில் காரை எடுத்தபோது பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. அதில் வரவேண்டியவர் பக்கத்து வீட்டு முருகன், கோயம்புத்தூர்க்காரர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பசங்களுக்கு ஸ்விம்மிங் கிளாஸ் இருக்குன்னு இப்பதான் சொல்றாங்க. அடுத்த தடவை கண்டிப்பா வர்றேன்."

குடும்பக்காரரின் அடுத்த தடவை எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

நான் மெல்பேர்ன் நகரத்தில் ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையல்காரன். கோப்பை கழுவப் போய், மெல்ல மெல்ல அடுப்படிக்கு வந்தவன். இத்தாலியைக் கண்ணால் கண்டதில்லை. அகதியாகப் படகில் வந்தவனுக்குப் பல வருடம் தற்காலிக விசாதான். நினைத்தபடி வெளிநாடு போய்வர முடியாது. விசா நிரந்தரமானபோது கையில் காசு இல்லை. "இத்தாலிக்கு ஏன் போகிறாய்? கிங் பள்ளத்தாக்குக்குப் போ. அங்கே குடியேறியவர்கள் எங்கள் ஆட்கள்தான், எங்கள் சாப்பாடுதான்," என்று முதலாளி இரண்டு நாள் விடுமுறை தந்தார்.

ஹியூம் நெடுஞ்சாலையில் வடகிழக்காக ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஏப்ரல் மாதம், புல் காய்ந்து, மாடுகள் மரநிழலில் நின்றன. வழியில் ஒரு கோப்பி, ஐந்தரை டொலர். கோப்பியைக் குறை சொல்லக்கூட ஆள் இல்லை.

10.30. மிலாவா. சின்ன ஊர், பெரிய பாலாடைக்கட்டிக் கடை. வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு பெண் மெல்லிய துண்டுகளாக வெட்டி நீட்டினாள். என் முறை வந்தது. "வேண்டாம், நன்றி," என்றேன். அவள் சிரித்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரிடம் போய்விட்டாள்.

இந்த மடத்தனத்தை விளக்க வேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தால் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. "சும்மா குடியுங்கோ," என்று அவர்கள் திரும்பக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கை நீளும். அவுஸ்திரேலியாவில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர்களுக்கு அதுதான் மரியாதை. பதின்மூன்று வருடத்தில் இது எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் வாய் பழக்கத்தில் சொல்லிவிடுகிறது. 270 கிலோமீட்டர் ஓடி வந்து, பாலாடைக்கட்டியை ருசி பார்க்காமல் வெளியே வந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

காருக்குள் இருந்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வராமல் போனது. ஏனென்றால் எனக்கும் ஒருத்தி வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

என் மனைவி கௌரி, மகளோடு கொக்குவிலில் இருக்கிறாள். நான் படகேறும்போது மகளுக்கு இரண்டு வயது. ஊருக்குப் போக எனக்கு இன்னும் பயம். ஒன்றரை வருடத்துக்கு முன் விசா கிடைத்த அன்று தொலைபேசியில், "இஞ்ச வாறீரோ?" என்று கேட்டேன். "வேண்டாமப்பா. இனி என்னத்துக்கு? பிள்ளையும் படிக்கிறாள்," என்றாள். நான் சரி என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம், மருந்து, கூரை ஒழுக்கு என்று மட்டும் கதைத்தோம்.

1.15. விற்ஃபீல்ட். மலையடிவாரம், இருபக்கமும் திராட்சைத் தோட்டம், இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அங்கே ஓர் உணவகத்தில் எனக்கு நான்கு பேருக்கான மேசை. எதிரே இருந்த மூன்று கதிரைகளில் இரண்டை வேறு குடும்பம் கேட்டு வாங்கிப் போனது. உருளைக்கிழங்கு நியோக்கி, குட்டிக் கொழுக்கட்டை மாதிரி, 32 டொலர். நல்ல மென்மை, என் கையால் அப்படி வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்ல ஆளிருந்தால் இன்னும் ருசித்திருக்கும்.

இரவு தங்கியது செஷன்ற் போகும் வழியில் ஒரு தோட்டத்து வீட்டு அறை. 140 டொலர், காலைச் சாப்பாடு உட்பட. வீட்டுக்கார அம்மா லூசியா, எழுபதை நெருங்கியவர்.

ஞாயிறு மதியம் 12. அறைத் திறப்பைத் திருப்பிக் கொடுக்க அவருடைய குசினி வாசலுக்குப் போனேன். கணவரும் அவரும் சாப்பிட உட்காரும் நேரம். சோளமாக் களி, மேலே காளானும் இறைச்சியும். எங்கள் உணவகத்தில் அதைத் தட்டில் அழகாகக் கரண்டியால் இழுத்து வைப்போம். இங்கே பலகையில் அப்படியே கொட்டியிருந்தது.

"சாப்பிட்டுப் போ," என்றார் ஆங்கிலத்தில்.

"வேண்டாம், நன்றி. தூரம் போக வேண்டும்."

"தூரம் போகிறவன்தான் சாப்பிட வேண்டும்."

"இல்லை, காலையில் சாப்பிட்டதே..."

அவர் நான் பேசி முடிக்கும்வரை நிற்கவில்லை. தட்டு வந்தது, கதிரை இழுபட்டது, கணவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். சாப்பிட்டேன். இரண்டாம் முறை போட வந்தபோதும் வேண்டாம் என்றேன், அப்படியும் போட்டார். கண் கலங்கிவிட்டது. மிளகு கூட என்று சொல்லிச் சமாளித்தேன். புறப்படும்போது தோட்டத்து மரத்தில் விழுந்த கஷ்கொட்டை ஒரு பை நிறையத் தந்தார். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

1.30. கிங் ஆற்றுப் பாலத்தடியில் காரை நிறுத்தினேன். ஊரில் காலை ஒன்பது மணி. கௌரி எடுத்தாள்.

"என்னப்பா, இந்த நேரத்தில? வேலை இல்லையோ?"

"லீவு. கௌரி, இஞ்ச வாறீரோ?"



"வேண்டாமெண்டு சொன்னனான்தானே."

"ஓம், சொன்னீர். திரும்பக் கேக்கிறன்."

குழாய்த் தண்ணீர் ஓடுவது கேட்டது. பிறகு நின்றது.

"ஒண்டரை வருசம் ஏன் கேக்கேல்ல?"

இந்த ஊர்ப் பழக்கம் ஒட்டிவிட்டது என்று எப்படிச் சொல்வது? ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அங்க நல்ல குளிரோ?" என்றாள்.

"ஓம். இனித்தான் குளிர் தொடங்குது. சுவெற்றர் வேணும். ரெண்டு பேருக்கும் நான் வாங்கி வைக்கிறன்."

"பிள்ளைக்கு என்ன அளவெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது," என்றேன்.

"நில்லுங்கோ. அளந்து சொல்லுறன்."