பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு ராகுகாலம் பிறந்துவிட்டது. அதற்குள் பெண் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. இனி ஆறு மணிவரை நல்ல காரியத்துக்கு யாரும் படியேற மாட்டார்கள். என் மகள் பட்டுப்புடவை கசங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் கேசரி இறுகிக்கொண்டிருந்தது. பஸ் கிடைத்திருக்காது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆறு மணிக்குமேல் தரகர் மட்டும் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“ஜாதகம் பேஷா பொருந்திச்சும்மா. நேத்து பையனோட அம்மா உங்க தெருவுல விசாரிச்சிருக்காங்க. பக்கத்து வீட்டம்மா என்னமோ சொல்லிட்டாங்களாம்.”

“என்ன சொன்னாங்க?”

“அந்த வீட்டுல வாயத் தொறந்தா பத்திரிகையில வந்துடும்னு. அவங்க மெரண்டுட்டாங்க.”

“பெரியம்மாவா?” என்றாள் என் மகள்.

சம்பந்தம் பேசுமுன் பக்கத்து வீட்டில் விசாரிப்பது எங்கள் பெங்களூர் அல்சூரில் எல்லாரும் செய்வதுதான். அந்த வீடு, உறவில்லாவிட்டாலும் நான் அக்கா என்றே கூப்பிடுகிறவளுடையது என்பதால் நான் நிம்மதியாக இருந்தேன். இவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையால் விசிறியவள் அவள். அன்று காலைகூடத் தலைக்குப் பூ கட்டிக் கொடுத்திருந்தாள். முந்தின நாள் அப்படிச் சொல்லிவிட்டு!

அவள் கணவர் வெள்ளைக்காரப் பட்டாளத்து மெஸ்ஸில் பட்லராக இருந்தவர். நாற்பத்தேழில் பட்டாளம் கப்பலேறியதும் வேலை போயிற்று. வீட்டில் சொல்லவில்லை. வேறு வேலை கிடைக்கும்வரை, தினமும் சலவைச் சட்டையோடு புறப்பட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புவார். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் தினமும் தூக்குச் சட்டியில் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். குழாயடியில் ஒருநாள் அவளாகத்தான் என்னிடம் சொன்னாள்.

நான் வாரப் பத்திரிகையில் சாதாரண மனிதர்களைப் பற்றி எழுதுகிறவள். அரசர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. அந்தத் தூக்குச் சட்டியை யார் நினைவில் வைப்பார்கள் என்று நினைத்தேன். பெயர் போடாமல், அவளை உயர்த்தியே எழுதினேன். எழுதும்போது அழுதேன். பிடிக்கவில்லை என்றால் என் வீட்டில் வந்து வாயாரத் திட்டியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். என் குழந்தையின் கல்யாணத்திலா கை வைப்பது?

விளக்கு வைத்தபின் அவளே வந்தாள். பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பொண்ணு தங்கம்னுதான் சொன்னேன். தாய்காரி எப்படின்னு கேட்டாங்க. நான் சும்மனே பொய் சொல்லணுமா?”

“உங்க பேரக்கூட போடலயே அக்கா!”

“இந்தத் தெருவுல எத்தன பட்லர் இருக்காரு? டீக்கடையில படிச்சுக் காட்டிட்டு, ‘இன்னா பட்லரே, இன்னிக்கு ஏரி டூட்டி இல்லயா’ன்னு சிரிக்கிறானுங்க. அதுகூடப் போவட்டும்.”

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரியாதும்மா. இத்தன வருசமா தெரியாது. இப்ப நான் சோறு போட்டா, தட்டத் தள்ளி வெச்சுட்டு எழுந்து போயிடறாரு.”