பையிலிருந்து திரும்ப எடுத்த பாம்பு

அன்று காலை எங்கள் வீட்டுக் கொல்லையில் ஏழு பேர் இருந்தோம். நான். என் வீட்டுக்காரர். நான்கு வயது மகள். ஆசிரமத்துக்கு வந்து வெளி அறையில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரம்மா. பக்கத்து வீட்டுப் பால்காரர். பாம்பு பிடிக்க வந்த இருளர். அவருடைய மனைவி. இந்தக் கதையை முதல் தடவை ஒருவரிடம் சொன்னபோது ஆறு பேர் என்றுதான் சொன்னேன். இருளரின் மனைவியைக் கணக்கில் விட்டுவிட்டேன். பையின் வாயைக் கட்டியவரே அவர்தான்.

எழுபதுகளின் கடைசி அது. செங்கம் ரோட்டிலிருந்து மலைப்பக்கமாக உள்ளே தள்ளி எங்கள் வீடு. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் முள்ளும் பாறையும், அதற்கு மேலே மலை. கோடையில் சரிவில் புல் பற்றி எரிந்தால் அங்கே இருப்பதெல்லாம் கீழே இறங்கி வரும். ஒரு உடும்பு கக்கூஸ் கதவுக்குப் பின்னால் அரை நாள் அசையாமல் கிடந்து எங்களை அடுத்த வீட்டுக்கு ஓட வைத்திருக்கிறது. அரணை அடுப்படிவரை வரும். சாரை அடிக்கடி வரும். பொழுது போன பிறகு எங்கள் பக்கத்தில் பாம்பு என்று பேர் சொல்ல மாட்டார்கள், பூச்சி என்பார்கள். நான் பட்டப்பகலிலும் பூச்சி என்றுதான் சொன்னேன்.

எனக்குப் பயம் கொஞ்சம் ஜாஸ்தி. பூண்டை இடித்துக் கரைத்து வாசற்படியிலும் சாக்கடை வாயிலும் தெளித்த பிறகுதான் விளக்கேற்றுவேன். படுக்குமுன் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். படுத்த பிறகு, சரியாகப் பார்த்தோமா என்று எழுந்து மறுபடி பார்ப்பேன். மகளின் செருப்பை நான் உதறிக் கொடுத்தால்தான் அவள் போட வேண்டும். ஏழாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் வீட்டில் ஒரு பாம்பைத்தான் காரணம் சொல்லியிருந்தேன். ஏரிக்கரை வழியில் ஒரு சாரை குறுக்கே போனது நிஜம். ஆனால் நான் நின்றது கணக்கு வாத்தியாருக்குப் பயந்து. அந்தப் பழியைச் சாரையின் தலையில் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

வெளி அறையின் வாடகை எங்களுக்குப் பெரிய காசு. என் வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் சம்பளத்தில் அரிசி வரும், அந்த வாடகையில்தான் மற்றதெல்லாம் வரும். அதனால் வெள்ளைக்காரம்மா என்ன சொன்னாலும் நாங்கள் தலையாட்டுவோம். அன்று காலை அவர்தான் முதலில் பார்த்தது. தண்ணீர் மொள்ளப் போனவர், துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒரு வால் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு வந்து அமைதியாகச் சொன்னார். நான் போட்ட சத்தத்தில் பால்காரர் மாட்டுக்கொட்டகையில் இருந்த தடியோடு சுவர் ஏறிக் குதித்து வந்தார். வெள்ளைக்காரம்மா கல்லுக்கு முன்னால் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்த தமிழில், "அடிக்க வேணாம், அடிக்க வேணாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் பின்னால் குடிசை போட்டிருந்த இருளர்களைத் தேடிப் போனார். ஒரு மணி நேரத்தில் புருஷனும் பெண்சாதியுமாக இருவரைக் கூட்டி வந்தார். பதினைந்து ரூபாய் பேசியிருந்தார். அந்த மனிதருக்கு என் வீட்டுக்காரரைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். நாங்கள் எல்லோரும் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினோம். பால்காரர் டா போட்டார். அவர் எங்களைச் சாமி, அம்மா என்றார்.

அவர் கல்லைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் கடப்பாரையைப் போட்டுக் கல்லைக் கொஞ்சம் நெம்பினார். கையை விட்டு வாலைப் பிடித்து இழுத்தார். நல்லபாம்பு. படம் எடுத்து நின்றது. அவர் அதைக் கொஞ்ச நேரம் ஆட விட்டு, குச்சியால் தலையை அமுக்கிப் பிடித்து, மனைவி நீட்டிய துணிப்பைக்குள் விட்டார். அந்த அம்மா பையின் வாயை முறுக்கிக் கயிற்றால் கட்டினார். எல்லாம் ஒரு காபி போடுகிற நேரம்தான். அவர்கள் அரை நாள் அல்லாடியிருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது.

பால்காரர் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்.

"பாத்தியா தங்கச்சி, வந்தான், தோண்டுனான், எடுத்தான். வச்ச எடத்துலருந்து எடுக்கறவன் மாதிரி இல்ல?"

ராத்திரியே கொண்டுவந்து விட்டுவிட்டு, காலையில் வந்து பிடித்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். கொண்டுவந்த பாம்புக்குப் பல் இருக்காதாம், பிடுங்கியிருப்பார்களாம். வாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடுமாம். அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். தூக்கமில்லாமல் டார்ச் அடிக்கிறவளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? என் வீட்டுக்குள் ராத்திரி ஒரு ஆள் சுவரேறி வந்து பாம்பை விட்டுவிட்டுப் போவதை நான் அங்கேயே நின்று கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனாலும் பழி பால்காரர்மேல் இல்லை. வாயைத் திறந்து கேட்டவள் நான்.

"ஏங்க, பல்லைக் காட்டச் சொல்லுங்க. அப்பறம் காசு குடுக்கலாம்."

என் வீட்டுக்காரர் மடியில் கை வைத்தவர் அப்படியே நின்றார். வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். வாடகை கொடுக்கிற அம்மாவின் எதிரில் ஏமாந்தவனாக நிற்க அவருக்கும் மனமில்லை.

இருளரின் மனைவிதான் பதில் சொன்னார். "கட்டின பைய விடற எடத்துலதான் அவுக்கணும்மா. இப்ப அவுத்தா அது கோவமா இருக்கும்."

"கோவமா இருக்கற பாம்புக்குத்தானே பல்லு இருக்கும், காட்டு பாக்கலாம்" என்றார் பால்காரர். சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மனைவியைப் பார்த்து, "அவுத்துக் காட்டு. அம்மாவுக்கு மனசு கேக்கலன்னா அப்பறம் தூக்கம் வராது" என்றார். நான் தூங்காதவள் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அந்த அம்மா முடிச்சை அவிழ்க்க நேரம் எடுத்துக்கொண்டார். அந்த மனிதர் கையைத் துணிமேல் வைத்துத் தலையைப் பிடித்து வெளியே எடுத்தார். ஒரு சின்னக் குச்சியால் அதன் வாயைத் திறந்தார். மேலே இரண்டு பக்கமும் வெள்ளையாக, முள் மாதிரி. நான் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். எங்கே, எனக்குத் தெரியவில்லையே என்று பால்காரர் கழுத்தை நீட்டினார். இருளர் குச்சியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். நானும் இன்னொரு தரம் பார்க்கக் குனிந்தேன், கட்டிலுக்கடியில் பார்ப்பது மாதிரி.

அந்த நேரத்தில் என் மகளை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. செருப்பை உதறிக் கொடுக்கிற நான் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவள் என் புடவைக்குப் பக்கமாகப் புகுந்து நேராக அதை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் பாம்போடு கையை அந்தப் பக்கமாக வீசித் திருப்பினார். திருப்பின வேகத்தில் பிடி நழுவியது. அவருடைய ஆள்காட்டி விரலில் அது கவ்வியது.

முதலில் அவர் பாம்பைப் பைக்குள் விட்டார், கடிபட்ட கையாலேயே. மனைவி கட்டினார். அதற்குப் பிறகுதான் அவர் கீழே உட்கார்ந்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: என் வீட்டுக்காரர் அவரை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்தார். அந்த அம்மா பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் முதுகைப் பிடித்தபடி கூடவே ஓடினார். வெள்ளைக்காரம்மாவும் செருப்பில்லாமல் பின்னால் ஓடினார். பால்காரர் மாடு கத்துகிறது என்று போய்விட்டார்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், உயிர் தங்கியது. கை அழுகி, இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. என் வீட்டுக்காரர் முதல் நாள் இருளரின் மனைவி கையில் ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருந்தார், டீ செலவுக்கு. மீதியையும், மேலே ஏதாவதும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நான்தான் தடுத்தேன். இப்போது கொடுத்தால் தப்பு நம்முடையது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், கேஸு கீஸு என்று வந்தால் வேலை போய்விடும் என்று அழுதேன். நான் அழுதால் அவர் உட்கார்ந்துவிடுவார். வெள்ளைக்காரம்மா தினம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாசம் முடிவதற்குள் வேறு தெருவில் அறை பார்த்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாள் கழித்துத் துவைக்கிற கல்லைச் சரியாகப் பதிக்க எடுத்தபோது அடியில் பாம்புச் சட்டை இரண்டு கிடந்தது. ஒன்று மக்கித் தூளாகும் பதத்தில் இருந்தது. அது அங்கே குடியிருந்தது எத்தனை காலமோ. அதன்மேல் நின்றுதான் தினம் துணி துவைத்திருக்கிறேன். பால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பூச்சிதானே, எங்க வேணா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாலை அளந்து ஊற்றினார்.

ஐந்தாறு வருஷம் போனது. எண்பதுகளில் ஒரு நாள் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வேப்பமரத்தடியில் இருளரின் மனைவி விறகுக்கட்டு விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர். மூன்று விரல் கையால் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் தாண்டிப் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"பாப்பா நல்லா இருக்குதாம்மா?" என்றார்.

நல்லா இருக்கிறாள், நான்காவது படிக்கிறாள் என்றேன். மன்னிச்சிடுங்க என்று சொல்ல, தாண்டிப் போய்த் திரும்பி வந்த வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள், பர்ஸைத் திறந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நோட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"பேசனது பதினஞ்சு. ஆஸ்பத்திரில அண்ணன் அஞ்சு குடுத்துச்சி. பத்து ரூபாதாம்மா வரணும். இதுக்கு எங்கிட்ட சில்றை ஏது? மாத்திகினு வந்து குடு."

முழுசாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அது எங்க காசு இல்லியே" என்றார். குரலில் கோபம் இல்லை. விறகு விலை சொல்கிற குரல்தான்.

மாற்றப் போனேன். இரண்டு கடையில் சில்லறை இல்லை என்றார்கள். மூன்றாவது கடையில் அரைக் கிலோ சர்க்கரை வாங்கி மாற்றினேன். பத்து ரூபாய் நோட்டைத் தனியாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். மரத்தடி தெரிகிற மூலைவரை வந்தேன். அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டால் பேச வேண்டியது மட்டும்தான் மிச்சம் இருக்கும் என்று தோன்றியது. மூலைக் கடையின் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவர்கள் விற்காத ஒரு கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்புவதையும், அந்த அம்மா ஒரு தடவை கடைத்தெருப் பக்கம் திரும்பிப் பார்த்ததையும் அங்கிருந்தே பார்த்தேன்.

மறுநாள் போனேன், இல்லை. அடுத்த வாரமும் இல்லை. என் வீட்டுக்காரரை ஏரிப்பக்கம் அனுப்பினேன். குடும்பத்தோடு செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றார்களாம். பேசியது பதினைந்து. கொடுத்தது ஐந்து. பாக்கி பத்து ரூபாய்.